ஜெராக்ஸ் போதும் என்றார்கள்

ஜெராக்ஸ் கேட்டவர்களிடம் வலியப் போய் ஒரிஜினலைக் கொடுத்தவன் நான். யாரும் மிரட்டவில்லை, பிடுங்கவில்லை. நானாகத்தான் பிளாஸ்டிக் உறையோடு நீட்டினேன், அதுவும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

மகள் பிளஸ் டூ முடித்து, நர்சிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். "கூப்பிடுற வரைக்கும் ஆஸ்பத்திரியில ஏதாச்சும் வேல பாக்குறேன்ப்பா. ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருதான்னு இப்பவே தெரிஞ்சிரும்ல. ஹாஸ்டல் செலவுக்கும் ஆகும்" என்றாள்.

நான் எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். நோயாளிகளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவதையே மருத்துவ அனுபவமாக நினைத்துக்கொண்டிருப்பவன். "அப்பாகிட்ட விடு" என்றேன். அவளுடைய கெட்ட நேரம், விட்டாள்.

சில இடங்களில் அனுபவம் கேட்டார்கள். சில இடங்களில் சம்பளமில்லாமல் வந்து பழகச் சொன்னார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சம்பளத்தோடு வேலை கிடைத்தது. டோக்கன் கூப்பிடுவது, காய்ச்சல் பார்ப்பது, பெட்ஷீட் மாற்றுவது, பெட்பான் கழுவுவது.

"மார்க் ஷீட்டு ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துட்டுப் போங்க" என்றார் மேனேஜர்.

"ஜெராக்ஸு எதுக்குண்ணே? ஒரிஜினலே இருக்கட்டும். எம் பொண்ணு பாதியில ஓடுற ஆளு இல்ல."

மகள் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள். ஈ என்று நினைத்துத் தட்டிவிட்டேன். மேனேஜர் உறையை வாங்கி பீரோவில் வைத்தார். உள்ளே ஏற்கெனவே நிறைய உறைகள் இருந்தன. என்னைப் போன்ற அப்பன்மாருக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. ஒரு நாள் ஆட்டோவில் ஏறியதும், "லோடு இறக்குன லாரிக்காரருக்கு காலு கிழிஞ்சு, தையல் போடுறப்ப நான்தான் பிடிச்சுக்கிட்டேன். மயக்கமே வரலப்பா" என்றாள். அன்றைக்கு வீடு வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் கலந்தாய்வு அழைப்பு வந்தது. வியாழக்கிழமை அசல் சான்றிதழ்களோடு மதுரைக்கு வர வேண்டும். மேனேஜரிடம் போய் நின்றேன்.

"ஒரு வருசம் முழுசாப் பாக்கட்டும், தாரோம். பழக்கிவிட்டுப் பழக்கிவிட்டு அனுப்பவா நாங்க இருக்கோம்?"

"நீங்க ஜெராக்ஸுதானண்ணே கேட்டீக?"

"நீங்க ஒரிஜினலையில்ல குடுத்தீக! பாதியில ஓடுற ஆளு இல்லன்னீகளே?"

டாக்டரம்மாவிடம் போனேன். கெஞ்சத் தெரியாது எனக்கு, ஜோக்கு சொல்லத்தான் தெரியும். "படுத்துக் கெடக்கவுகளையே டிஸ்சார்ஜ் பண்றீக. அந்தப் பேப்பரையும் டிஸ்சார்ஜ் பண்ணிவிட்ருங்கம்மா" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "மேனேஜர்ட்ட பேசிக்கோங்க" என்று மணியை அடித்தார்.

வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது என் மகளின் குரல். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "உள்ள வாங்கய்யா" என்று பின்னால் நின்ற பெரியவருக்கு வழிவிட்டாள். நான் வெளியே வந்தேன்.

ஆட்டோ ஸ்டாண்டில் என்னோடு ஓட்டுகிறவன், "ஏலே, தொலஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்து வேற வாங்குலே" என்றான். விசாரித்தேன். அதற்கு மாசக்கணக்கில் ஆகுமாம்.

வியாழக்கிழமை ஜெராக்ஸோடு மதுரைக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா நல்லவர்தான். "பாவமாத்தான் இருக்கு. ஆனா ஒரிஜினல் இல்லாம முடியாதே" என்றார். மகள் எழுந்த நாற்காலியில் அடுத்த பிள்ளை உட்கார்ந்தாள். திரும்பும்போது காரியாபட்டி தாண்டியும் மகள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்வதற்கு ஒரு ஜோக்கு தேடினேன். ஒன்றும் வரவில்லை. அதில் எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலையில் அவளை அதே ஆஸ்பத்திரி வாசலில் நானே இறக்கிவிட்டேன். அவள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த உறை ஒருபோதும் திரும்பி வராது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சும்மா இருந்திருக்கலாம். "விருதுநகர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, பேசிப் பாக்கவா?" என்றேன்.

"யார்ட்டயும் பேசாதீகப்பா. நீங்க பேசித்தான் இப்பிடி ஆச்சு."