நாய் குறுக்கே வந்தால்

கால்பந்து பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆடுகிறவர்களையும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆட்டம் மட்டும் பிடிக்கும். இப்படிப்பட்டவன் நடுவராகத்தான் போக முடியும். "திட்டு வாங்குறதுக்குன்னே ஞாயித்துக்கிழமை சட்டை மாத்திட்டுப் போற ஆளு, இந்த ஊர்ல நீங்க ஒருத்தருதான்" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பில்லை.

எனக்குத் தொழில் செல்லூரில், விசைத்தறிகளுக்குப் பழுது பார்ப்பது. தறி ஓடுகிற கொட்டகைக்குள் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அதனால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். எங்கள் தெருவில் அது ஒரு வித்தையே இல்லை, எல்லாருக்கும் வரும். ஆனால் மைதானத்தில் அது பெரிய தொல்லை. அந்தக் கோடியில் நிற்கிற ஒருவன் வாய்க்குள் என் தாயாரைப் பற்றி என்ன முனகுகிறான் என்பது இந்தக் கோடியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். மற்ற நடுவர்கள் காதில் விழாததுபோல் போய்விடலாம். நான் சிவப்பு அட்டையை எடுத்துத் தொலைக்க வேண்டும்.

முழங்கால் போன பிறகு ஆட முடியவில்லை. மைதானத்தை விடவும் முடியவில்லை. அப்படித்தான் நடுவர் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். பாடம் நடத்தியவர் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். எங்களைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. எங்களுக்கும் அவரை ஆகாது.

"இன்டைரக்ட் ஃப்ரீ கிக். யார் மேலயும் படாம நேரா எதிராளி கோலுக்குள்ள போயிருச்சு. என்ன குடுப்ப?" என்று திடீரென்று ஒருவரை எழுப்புவார்.

"கோல் சார்" என்றார் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர்.

"ஒக்காரு. எந்த பேங்க்குன்னு சொல்லிரு, நான் அந்தப் பக்கமே வரல. கோல் கிக்குய்யா, கோல் கிக்கு. இன்டைரக்ட்டுன்னா இன்னொருத்தர் மேல பட்டாத்தான் கோலு."

ஒருநாள் நான் ஒரு கேள்விக்குத் தடுமாறியபோது, பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் சத்தமே வராமல் அவர் உதடு அசைந்தது. 'இந்தத் தறிக்காரன் மண்டையில ஒண்ணும் ஏறாது.'

"ஏறுது சார். நீங்க ஏத்துறதுதான் சரியில்லை" என்றேன் கடைசிப் பெஞ்சிலிருந்து.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து என்னைத் திட்ட வேண்டுமென்றால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு திட்டுவார். அவரை நான் வெறுத்தேன். ஆனால் விதி தெரிந்த மனிதர். அதை நான் மறுக்க மாட்டேன்.

அவர் நடத்தியதில் என் மண்டையில் ஆணி அடித்ததுபோல் நின்றது நாய்ப் பாடம். ஆட்டம் நடக்கும்போது நாய் உள்ளே வந்தால் என்ன செய்வது? அணிப் பட்டியலில் இல்லாத எவனும், எதுவும், விதிக்கு வெளியாள். நாயும் ஒன்றுதான், மாடும் ஒன்றுதான், மனிதனும் ஒன்றுதான். பந்தைத் தொட்டாலோ ஆட்டக்காரனை மறித்தாலோ நிறுத்து. பிறகு பந்தைக் கையிலிருந்து கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்கு. அதற்கு டிராப் பால் என்று பெயர். ஒன்றையும் கெடுக்கவில்லையென்றால் விசிலைத் தொடாதே.

"நாயை வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னவன் கோல் வாங்குனான்னா அது கோல்தான். நாய் மேல பழியப் போடாத" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். எழுத்துத் தேர்விலும் அந்தக் கேள்வி வந்தது. சரியாக எழுதித் தேறினேன்.

மிச்சமிருந்தது களத் தேர்வு. நான் இருந்த கடைசி கிரேடில் லீக் ஆட்டங்களுக்குக் கோட்டோரம் நின்று கொடி பிடிக்கலாம்; விசில் ஊத முடியாது. அதற்கு அடுத்த கிரேடு வேண்டும். ஒரு பெரிய ஆட்டத்தை நான் நடத்த, அதே ஆசிரியர் உட்கார்ந்து பார்த்துத் தேறினான் என்று சொல்ல வேண்டும். அந்த வருடத்தோடு எனக்கு வயது வரம்பு தாண்டுகிறது. வாங்கினால் விசில், வாங்காவிட்டால் சாகிறவரை கொடி.

எனக்குக் கொடுத்த ஆட்டம் பேரையூர்ப் பக்கம் ஓர் ஊரின் கோப்பை இறுதிப் போட்டி. கோடைக்குத் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள்தான் மைதானம். கருவேல மரங்களை வெட்டி ஓரமாகக் குவித்திருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு காற்றில் பாதி பறந்துவிட்டது. உள்ளூர் அணிக்கும் திருவாதவூர் அணிக்கும் ஆட்டம். ஒரு கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் மேடை போட்டு, கோப்பையை வைத்து, சோபாவும் போட்டிருந்தார்கள். சோபா கோப்பை கொடுப்பவருக்கு. அந்த வட்டாரத்தில் செங்கல் சூளைகள் வைத்திருப்பவர்; தன் அப்பா நினைவாகக் கோப்பை கொடுக்கிறார். அவர் வரவில்லை என்பதால் ஆட்டம் தொடங்கவே வெகுநேரமாகிவிட்டது.

விழாக் கமிட்டிச் செயலாளர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "அண்ணே, தலைவர் நடுவுலதான் வருவாரு. வந்தவுடனே ஆட்டத்த நிப்பாட்டிருங்க. உள்ள வந்து பிளேயருக்கெல்லாம் கை குடுப்பாரு. உங்களுக்கும் ஒரு சால்வை இருக்கு."

"பந்து வெளிய போனதும் நிப்பாட்டுறேன். அதுவரைக்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். தலைவரை நிற்கச் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை என்பதற்கான சிரிப்பு அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் பாதி முழுக்கத் திட்டுதான். "யோவ் ரெப்ரி, கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்தியா?" என்று ஒருவன். "தறி ஓட்டுறவனக் கொண்டாந்து விட்டா இழுத்து இழுத்துத்தான ஆட்டம் நடத்துவான்" என்று இன்னொருவன். நான் தறிக்காரன் என்று அவனுக்கு எவன் சொன்னான் என்று தெரியவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த ஆசிரியரைப் பார்த்தேன். அவர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் பாதி, இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது கரையில் வேட்டுப் போட்டார்கள். ஒலிபெருக்கியில் "அண்ணன் வந்துவிட்டார், அண்ணன் வந்துவிட்டார்" என்று ஒரே அலறல். கழுத்தில் ஆள் உயர மாலையோடு அவர் கோட்டைத் தாண்டி உள்ளே காலை வைத்தார். பின்னால் சால்வைத் தட்டோடு நாலைந்து பேர். ஓரத்தில்தான் நின்றார்கள். பந்து நடுக்களத்தில் திருவாதவூர்க்காரன் காலில் இருந்தது. அது எப்போது வெளியே போகும் என்று விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

உள்ளூர்க் கோல்கீப்பர் அவருடைய சூளையில் லாரி ஓட்டுகிறவன். முதலாளியைப் பார்த்ததும் கோலை விட்டுவிட்டு நடந்தான். கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து அவர் காலைத் தொட்டான். அவனை யாரும் கூப்பிடவில்லை, யாரும் மறிக்கவில்லை. திருவாதவூர்க்காரன் நிமிர்ந்து பார்த்தான். கோல் காலியாகக் கிடந்தது. அங்கிருந்தே உதைத்தான். பந்து இரண்டு தடவை குத்தி எழும்பி உள்ளே உருண்டது.

கோல் என்று ஊதி நடுவட்டத்தைக் காட்டினேன்.

உள்ளூர்க் கேப்டன் ஓடி வந்தான். பின்னாலேயே கமிட்டிக்காரர்கள். அறிவிப்பு செய்கிறவனும் கையில் ஒயர் இல்லாத மைக்கோடு வந்துவிட்டான்.

"என்னண்ணே கோலுங்கிறீக? தலைவர் உள்ள வந்துட்டாருல்ல? ஆட்டம் நின்னுபோச்சுல்ல?"

"நான் விசில் அடிக்கல. நான் அடிக்காம ஆட்டம் நிக்காது."

"ஆளு உள்ள வந்தா நிக்கணும்ல? அதுக்கு ரூல் இருக்குல்ல?"

"இருக்கு. பந்தத் தொடல, யாரையும் மறிக்கல. அப்ப நிக்காது. நாய் குறுக்க வந்தா என்ன ரூலோ அதேதான் அவருக்கும்."

மைக் என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. கண்மாய் முழுக்க 'நாய் குறுக்க வந்தா' என்று என் குரல் போய்க் கரையில் மோதித் திரும்பி வந்தது. கூட்டம் மொத்தமாக எழுந்தது.

"எங்கண்ணன நாயிங்கிறான்டா!"

தண்ணீர் பாட்டில், செருப்பு, மண்ணாங்கட்டி, கைக்குக் கிடைத்ததெல்லாம் வந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என் முதுகில் விழுந்தது. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததில் பை கிழிந்து அட்டைகள் கீழே விழுந்தன. ஊர்ப் பெரியவர்கள் சிலர் கோட்டோரம் கைகோத்து நின்று கூட்டத்தை அடக்கினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட ஆத்திரம். மேசையைத் தட்டிச் சொல்லித் தந்த விதியை அப்படியே சொன்னதற்கா இந்த அடி?

மேடையைப் பார்த்தேன். மாலைக்காரர் அதற்குள் மேடையேறிச் சோபாவில் உட்கார்ந்து கையை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஆசிரியர் இடுப்பை வளைத்து அவர் காதுப்பக்கம் குனிந்தார். ஆசிரியரின் முகம் எனக்கு நேராக இருந்தது. உதடு தெளிவாகத் தெரிந்தது.

'கோல்தாங்க அது. நம்ம பையன்தான் விட்டுட்டு வந்துட்டான். இருங்க, நான் பேசிச் சரி பண்ணிர்றேன்.'

இறங்கிக் கோட்டுக்கு வந்தார். கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, "விருந்தினர் உள்ள வந்தா ஆட்டம் நின்னதாத்தான் அர்த்தம். நடுவர் புதுசு, தெரியல" என்றார். கைதட்டினார்கள். பிறகு என் பக்கம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"கோல அழிச்சுட்டு டிராப் பால் போடு. இன்னும் நடுவுல பந்த வச்சுத் தொடங்கல, மாத்தலாம். ரூல்ல இடம் இருக்கு."

"நாய்ப் பாடம் நீங்க நடத்துனதுதான சார்?"

"அறிவுகெட்டவனே, அந்தப் பேச்ச விடு. இன்னைக்கு எதுக்கு வந்திருக்கன்னு நெனப்பிருக்கா? போடு. கிரேடு உனக்கு."

எனக்கு ஆசை இருந்தது. கறுப்புச் சட்டையோடு லீக் மைதானத்தில் நடுவில் நிற்பதை எத்தனையோ தடவை கற்பனை செய்திருக்கிறேன். டிராப் பால் போட்டிருந்தால் அங்கே கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. ஆனால் அந்த உதடு சொன்னதைப் பார்த்துவிட்டேனே. நேர்மை அது இது என்று பெருமை பேச மாட்டேன். அந்த ஆளுக்கு ஒரு வெற்றியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். கையை நீட்டி மறுபடியும் நடுவட்டத்தைக் காட்டினேன்.

நடுவிலிருந்து தொடங்க வேண்டிய உள்ளூர் அணி பந்தைத் தொட மறுத்தது. காத்திருந்தேன். பிறகு ஆட்டத்தைக் கைவிடுவதாக ஊதினேன். கோப்பை யாருக்கும் இல்லாமல் போனது. அதைக் கொடுக்க வந்தவர் அதைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

திருவாதவூர்ப் பையன்கள்தான் என்னை நடுவில் விட்டுச் சுற்றி நின்று, தாங்கள் வந்த லோடு வண்டியில் ஏற்றினார்கள். நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர்கள் கேப்டன் முந்திக்கொண்டான்.

"ஏண்ணே, அந்த வாத்தியார் சொன்னபடி டிராப் பால் போட்டிருந்தா என்னண்ணே? இன்னொரு கோல் போட்டு ஜெயிச்சிருப்போம்ல? உங்க ரூலால கப்பு போச்சு."

"உங்களுக்குத்தானடா கோல் குடுத்தேன்" என்றேன்.

"அத வச்சு என்னண்ணே பண்றது?" என்றான். திருமங்கலம் வரும்வரை போன கப்பைப் பற்றியே தங்களுக்குள் புலம்பிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் மனைவி கிழிந்த பையைப் பார்த்தாள். ஊசியும் நூலும் எடுத்து வந்து தைத்துக் கொடுத்தாள்.

களத் தேர்வில் தேறவில்லை என்று தகவல் வந்தது. காரணம், விதிகளில் போதிய தெளிவு இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் சரி செய்த தறிகளெல்லாம் மறுநாள் மறுபடி நின்றன.

இன்றும் கொடிதான் பிடிக்கிறேன். கொடி பிடிக்கிறவர்களும் வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி வகுப்புக்கு வர வேண்டும். போன முறை போனபோது அதே அறை, அதே ஆசிரியர், முன்பெஞ்சில் புதிதாகச் சேர்ந்தவர்கள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். பாடம் வெளியாளுக்கு வந்தது. அவர் கொஞ்சம் நிறுத்தி, "ஆட்டம் நடக்கும்போது ஒரு மாடு உள்ள வந்துருச்சு. என்ன செய்வ?" என்றார். நாய் மாடாகியிருந்தது.

நான் எழுந்தேன். "மாலை போட்ட மாடா, போடாத மாடா சார்?"

முன்பெஞ்சில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கரும்பலகைப் பக்கமும் திரும்பவில்லை. என்னையே பார்த்தார். பார்த்துக்கொண்டே, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்தார்.

'கோல்தான்.'

எனக்கு மட்டும் தெரியட்டும் என்று சொன்னது. இவ்வளவு நாள் கழித்து, இதை நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க தறி எதுவும் ஓடல சார். சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

முன்பெஞ்சில் சிரிப்பு நின்று, எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சாக்பீஸைக் கையில் எடுத்தார், வைத்தார். பிறகு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.