பாத்திரக் கடைச் சுவரில் நான்: திருச்சியில் ஓர் ஓவிய மாலை

துவாக்குடியில் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். "சனிக்கிழமை மாலை 5 முதல் 8 வரை ஓவிய நடை. தெப்பக்குளத்தைச் சுற்றி ஒன்பது கடைகள். அனுமதி இலவசம்." கீழே அவள் சொந்தமாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: "டீச்சர், நீங்க கட்டாயம் வந்து எழுதணும்." இலவசம் என்றால் நான் இரண்டு முறை யோசிப்பேன், எழுதணும் என்றால் யோசிப்பதில்லை. போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பள்ளிக்கும் விடுமுறை. என் கணவர் சேகரையும் கிளப்பினேன். அவருக்கு வாழைக்காய் மண்டி. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

புதிதாக வருபவர்களுக்கு: நான் மாலா, முசிறியில் கணக்கு டீச்சர். நேரமும் தூரமும் சரியாகச் சொல்லாத பயணக் கட்டுரையைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். ஆகவே சொல்லிவிடுகிறேன். முசிறியில் 3.10க்குப் பஸ் ஏறினோம். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது 4.25. டிக்கெட் ஆளுக்கு நாற்பது ரூபாய். அங்கிருந்து தெப்பக்குளம் நடந்தே பன்னிரண்டு நிமிடம். ஆட்டோ கேட்டால் எண்பது சொல்வார்கள். சனிக்கிழமை கூட்டத்தில் ஆட்டோவை விட நாம் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

முதல் நிறுத்தம் ஒரு புத்தகக் கடை. வாசலில் ஒரு பெண் கையால் வரைந்த வரைபடம் கொடுத்தாள். ஒன்பது கடைகளுக்கும் எண் போட்டு, எங்கே படி ஏற வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று குறித்திருந்தார்கள். யார் இதைத் தயாரித்தார்களோ, அவர்களுக்கு என் கணக்கில் நூற்றுக்கு நூறு. மொத்த நடை ஒன்றே கால் கிலோமீட்டர்தான். ஆனால் நின்று பார்க்கிறவர்களுக்கு மூன்று மணி நேரமும் போதாது.

இந்த நடையின் அழகே, படங்களுக்காகக் கடைகள் தங்களை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான். வியாபாரம் பாட்டுக்கு நடக்கிறது. வளையல் கடையில் ஒரு மணப்பெண் அளவு பார்த்துக்கொண்டிருக்க, அவள் தலைக்கு மேலே காந்தி மார்க்கெட் வெங்காய மூட்டைகள் எண்ணெய் வண்ணத்தில் தொங்குகின்றன. வாத்தியக் கடையில் இரண்டு வீணைகளுக்கு நடுவே அம்மா மண்டபம் படித்துறையில் காயும் புடவைகளைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார் வரதன் என்பவர். ஸ்ரீரங்கத்துக் கோயில் குடும்பம், பகலில் வங்கி வேலை. "ஸ்ரீரங்கத்துலேயே இருக்கீங்க, பெருமாளை வரையலையா?" என்று சேகர் கேட்டார்.

"பெருமாளை அடியேன் சேவிக்கத்தான் போறது. பென்சிலை வாசல்லயே வெச்சுட்டுப் போயிடுவேன்" என்றார் வரதன், சிரிக்காமல். பிறகு சிரித்தார்.

ஐந்தாவது நிறுத்தம் பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக் கடை. 6.20க்கு உள்ளே போனோம். பித்தளைக் குடங்களும் எவர்சில்வர் அண்டாக்களும் ஒன்றின் மேல் ஒன்றாக விட்டம் வரை நிற்க, பின்சுவரை மட்டும் காலி செய்து ஆறு படங்கள் மாட்டியிருந்தார்கள். எல்லாமே மருத்துவமனையில் காத்திருப்பவர்களின் படங்கள். ஸ்கேன் அறை வாசலில் செருப்பில்லாமல் நிற்கும் விவசாயி, மருந்துச் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கும் பர்தா அணிந்த பெண். வரைந்தவர் பெயர் நஸ்ரின், நர்ஸ், பாலக்கரை என்று ஓர் அட்டையில் எழுதியிருந்தது.

நான் நான்காவது படத்துக்கு வந்தபோது சேகர் ஆறாவது படத்தின் முன் நின்றுகொண்டிருந்தார்.

"மாலா, இது என் செருப்பு."

படத்தில் ஒரு பெண் மூன்று இரும்பு நாற்காலிகளில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கு ஒரு துணிப்பை. முகத்தைப் புடவைத் தலைப்பு மூடியிருந்தது. இரண்டு கைகளாலும் ஓர் ஆணின் தோல் செருப்புகளை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஜன்னலில் விடிகாலை வெளிச்சம்.

"திருச்சியில இந்தச் செருப்பு ஆயிரம் பேர்கிட்ட இருக்கும்" என்றேன்.

"கட்டைவிரல் வாரு பாரு. பச்சை நூல். முசிறி பஸ் ஸ்டாண்டுல நான் பக்கத்துலயே நின்னு தைச்சு வாங்கினது."

நான் பார்த்தேன். பச்சை நூல்தான். துணிப்பை என் பள்ளியில் கொடுத்தது. ஊதாப் புடவை என்னுடையது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். இரண்டு வருடம் முன்பு சேகருக்கு நுரையீரலில் கிருமி பரவி, தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் பதினேழு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். சேர்த்த அன்றே அவருடைய சட்டை, வேட்டி, செருப்பை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம்தான் பார்க்க விடுவார்கள். அவருக்கு நினைவு வந்ததும் முதலில் கேட்டது, "நீ எங்க தங்கியிருக்கே?" என்பதுதான். பக்கத்துத் தெருவில் என் சித்தி மகள் கலாவின் வீடு. "கலா வீட்டுலதான். ஏ.சி. ரூம், மூணு வேளையும் டிபன்" என்றேன். கலா கூப்பிட்டது நிஜம். இரண்டு ராத்திரி போனதும் நிஜம். மூன்றாம் நாள் டாக்டர், "நாற்பத்தெட்டு மணி நேரம் எதுவும் சொல்ல முடியாது" என்றார். அதன் பிறகு அந்த வராண்டாவை விட்டு என்னால் நகர முடியவில்லை. வீடு திரும்பிய பிறகு உண்மையைச் சொல்ல அவசியம் வரவில்லை. எதையும் தைரியமாகச் சமாளிப்பவள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

"வாங்க, அடுத்த கடைக்கு நேரமாச்சு" என்றேன்.

அவர் நகரவில்லை. "நீ கலா வீட்டுல தூங்கினேன்னு சொன்னே."

அதற்குள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் எங்களிடம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்தார், சேகரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"ஏழாம் நம்பர் பெட் சார்தானே? அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கீங்களா சார்? அக்கா, என்னைத் தெரியுதா? நைட் டியூட்டி நஸ்ரின்."

தெரிந்தது. பலமுறை எனக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக் கொடுத்தவர். அந்த நன்றி அப்போது ஞாபகம் வரவில்லை. "யாரைக் கேட்டு என்னை வரைஞ்சீங்க?" என்றேன். என் குரல் வகுப்பில் வரும் குரலாக வந்துவிட்டது. அண்டா பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது.

நஸ்ரின் முகம் வாடியது. "கேக்கலக்கா. முகம் தெரியாம வரைஞ்சா தப்பில்லன்னு நினைச்சேன். தப்புதான். மன்னிச்சிடுங்க. இப்பவே எடுத்துடறேன்." சொன்னபடியே படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் சேகர். "நான் அப்ப உள்ள படுத்திருந்தேன். வெளிய என்ன நடந்துச்சுன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன். ஒரு நிமிஷம் குடுங்க."

படத்தை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆனது. மண்டியில் ஐம்பது பேரை அதட்டும் மனிதர், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் நின்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். இத்தனை நாள் அந்தத் தூக்கத்தை நினைத்து எனக்கு வெட்கம்தான். கண்டவர் நடமாடும் இடத்தில், கசங்கிய புடவையில், பிச்சை எடுப்பவள் போலப் படுத்திருந்தேனே என்று. நஸ்ரின் வரைந்தது அப்படி ஒருத்தியை இல்லை. அந்தக் கைகளின் பிடியைப் பார்த்தால் யாரும் அவளிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது என்று தெரிந்தது.

"தூங்கும்போதுகூட விடலக்கா நீங்க. கீழ விழுந்துடும்னு ஒரு தடவை எடுக்கப் பார்த்தேன், வரல. அந்தக் கையைத்தான் வரையணும்னு தோணுச்சு" என்றார் நஸ்ரின் மெதுவாக.

"மாட்டுங்க" என்றேன்.

"நிஜமாவாக்கா?"

"மாட்டுங்க. ஆனா அடுத்த தடவை கேட்டுட்டு வரையுங்க. என்னை மட்டும் இல்ல, எல்லாரையும்."

"கண்டிப்பா கேப்பேங்க்கா."

மாட்டியதும் ஆணிக்குக் கீழே இருந்த சின்ன அட்டை கண்ணில் பட்டது. "பெயர் தெரியாத ஒருவர்" என்று எழுதியிருந்தது. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, "மாலா, கணக்கு டீச்சர், முசிறி" என்று எழுதினேன். பாத்திரக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு எங்களுக்கு இரண்டு டீ சொன்னார். கண்காட்சி முடிந்ததும் படத்தை எனக்கே தருவதாக நஸ்ரின் சொன்னார். வேண்டாம் என்றேன். வீட்டில் மாட்டினால் சேகர் சாப்பிடும் நேரமெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்; சாம்பார் ஆறிவிடும்.

மீதி நான்கு கடைகளையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். எடுத்த வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை. எட்டாவது நிறுத்தமான, படங்களுக்குச் சட்டம் போடும் கடையின் மாடியைத் தவறவிடாதீர்கள்; படி செங்குத்து, பதினெட்டுப் படி, ஆனால் ஏறியதும் மலைக்கோட்டை விளக்குகள் ஜன்னல் நிறையத் தெரியும்.

இந்த நடை மாதா மாதம் இரண்டாம் சனிக்கிழமை நடக்கிறது; போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஐந்து மணிக்கே போய்விடுங்கள். ஆறரைக்கு மேல் கடைகளில் நிற்க இடமிருக்காது. வண்டி கொண்டு வராதீர்கள், நிறுத்த இடம் தேடியே மாலை முடிந்துவிடும். கழிவறை புத்தகக் கடையில் மட்டும்தான். படம் எடுக்கும் முன் வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓவியர்கள் பெரும்பாலும் தங்கள் படத்துக்கு அருகிலேயே நிற்கிறார்கள். கூச்சப்படாமல் பேசுங்கள். பேசாமல் பார்த்தால் இது சுவரில் மாட்டிய படம், அவ்வளவுதான். அன்று மாலை வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், படங்கள் ஒரு வாரம் அந்தந்தக் கடையிலேயே இருக்கும். வீட்டில் யாரிடமாவது சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது இருந்தால், அவர்களையும் கூட்டிப் போகலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கூட்டிப் போனதில் எனக்கு வருத்தமில்லை.

சத்திரத்தில் 8.15 பஸ் கிடைத்தது. சேகர் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார். பஸ் காவிரிப் பாலம் தாண்டியது. பிறகு கேட்டார்.

"அந்தப் பதினேழு நாளும் என்னதான் சாப்பிட்டே?"

இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. முதல் நாளிலிருந்து ஆரம்பித்தேன்: காலையில் டீயும் பன்னும், மதியம் ஒன்றுமில்லை. அவர் குறுக்கே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார், யார் வாங்கித் தந்தது, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று. குணசீலம் தாண்டும்போது ஐந்தாம் நாளில் இருந்தோம். முசிறியில் இறங்கும்போது ஒன்பதாம் நாள்தான் முடிந்திருந்தது.