மூன்றாம் பீரியட் முடியும்வரை

1. முதல் நாள் கைதட்டு

ஸ்கவுட் வேலைக்குப் போன முதல் நாளே நான் பிழை விட்டேன். ஐஸ் ஹொக்கி ஆட்டம். ஒரு பொடியன் நடு ஐஸிலிருந்து பக்கை, அந்த ரப்பர் வட்டை, தடியால் கொண்டுபோய், மூன்று பேரைச் சுழித்துக் கடந்து, கோல் அடித்தான். நான் என்னை மறந்து கைதட்டிவிட்டேன். மேல்வரிசையில் கறுப்பு ஜாக்கெட்டோடு நின்றவர்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் வேறு வேறு கிளப்புகளுக்கு ஆட்டக்காரர் தேடுகிற ஸ்கவுட்டுகள். எங்கள் கிளப்பின் தலைமை ஸ்கவுட் கிரெக் என் பக்கத்தில் இருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வைச்சுக்கொண்டு இரு," என்றார். "நீ தட்டினால் உனக்கு ஆரைப் பிடிச்சிருக்கெண்டு ஊருக்கே தெரிஞ்சிடும்."

அன்றைக்கு முழுக்க அப்படியே இருந்தேன். கை விறைத்துப்போனது.

எங்கள் கோயில் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் சிலர், "அங்கிள், நீங்கள் எப்பிடி ஹொக்கி ஸ்கவுட் ஆனீங்கள்?" என்று கேட்டபடியால் இதை எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பில்லை. மட்டக்களப்பில் ஓ.எல். வரை படித்தேன். கனடா வந்து ஸ்காபரோவில் ஒரு ஐஸ் அரங்கில் வேலை கிடைத்தது. ஒரு ஆட்டத்துக்கு மூன்று பீரியட். ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் மெசினில் ஏறி, கீறிக்கிடக்கும் ஐஸை மழித்துத் தண்ணீர் விட்டு மெழுகுவதுதான் வேலை. மற்ற நேரமெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்த்தேன். ஆரம்பத்தில் ஒன்றும் விளங்கவில்லை. பார்க்கப் பார்க்க விளங்கியது. ஆட்டம் பார்க்க வருகிற கிரெக், கோப்பியோடு வந்து கதை கொடுப்பார். "உந்தப் பத்தாம் நம்பர் எப்பிடி?" என்று கேட்பார். தெரிந்ததைச் சொல்வேன். நான் பென்ஷன் எடுத்த வருடம், "சும்மா வீட்டில இருந்து என்ன செய்யப்போறாய், என்னோட வா," என்று கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் மனைவி சொன்னாள்: "ஐஸ் கழுவின மனிசன் இப்ப பிள்ளைகளுக்கு மார்க்ஸ் போடப் போறாராம். முருகன்தான் அந்தப் பிள்ளைகளைக் காப்பாத்தவேணும்."

2. எழும்பிப் போகிறவர்கள்

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் விளையாடும் லீக் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே பெரிய ஜூனியர் கிளப்புகள். ஒவ்வொரு வசந்த காலத்திலும் அந்தக் கிளப்புகள் முறைவைத்து ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொல்லி எடுப்பார்கள். அதுதான் டிராஃப்ட். அந்த வயதில் ஒரே ஒரு தரம்தான் அது வரும். தவறவிட்டவர்கள் பிறகு மேலே ஏறியதும் உண்டு. ஆனால் அது கடினமான பாதை.

நாங்கள் குளிர்காலம் முழுக்க ரிங்க் ரிங்க்காக, அதாவது ஒவ்வொரு ஐஸ் அரங்காகப் போய்ப் பார்த்து, ரிப்போர்ட் எழுதி, கிரெக்கிடம் கொடுப்போம். கோல் அடிப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். பக் இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளை என்ன செய்கிறான், பெஞ்சுக்குப் போகும்போது ஆறுதலாகப் போகிறானா, ஓடிப்போகிறானா, பேச்சு வாங்கினால் முகம் எப்படிப் போகிறது என்பதையெல்லாம் நாங்கள் பார்க்கவேண்டும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் பீரியட் முடிந்ததும் ஸ்கவுட்டுகள் எழும்பிப் போய்விடுவார்கள். அவர்களையும் குறைசொல்ல ஏலாது. ஒரே நாளில் இரண்டு மூன்று ரிங்க் பார்க்கவேண்டும், 401 வீதியில் வாகனம் நகராது. நான் மட்டும் போகமாட்டேன். அது கெட்டித்தனத்தால் இல்லை. பழக்கம் அப்படி. கோயிலில் தீபாராதனை முடிந்து, ஐயர் திருநீறு தரும்வரைக்கும் நின்றுதான் எனக்குப் பழக்கம். தொடங்கிய ஒன்றின் நடுவில் எழும்பினால் அன்று முழுக்க மனம் சரியில்லாமல் இருக்கும்.

3. வெள்ளிக்கிழமையும் மட்டன் ரோல்ஸும்

இரண்டு வருடத்துக்கு முன்னம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். ஆட்டம் தொடங்க முன்னமே ஒரு பெண் படியேறி எங்கள் வரிசைக்கு வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் போடும் யூனிஃபோர்ம் போட்டிருந்தாள். கையில் ஒரு பெட்டி.

"அண்ணை, நீங்கள் தமிழ்தானே? நெத்தியைப் பாத்திட்டுத்தான் வந்தனான். நான் வசந்தி. இருபத்திநாலாம் நம்பர் கவின்ர அம்மா. இந்தாங்கோ, ரோல்ஸ். சுடச்சுட இருக்கு."

"என்ன ரோல்ஸ் தங்கச்சி?"

"மட்டன்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

அவள் நாக்கைக் கடித்தாள். "ஐயோ அண்ணை. நெத்தியைப் பாத்து வந்தனான், நாளைப் பாக்கேல்லை."

பெற்றோரிடம் ஸ்கவுட் ஒன்றும் வாங்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியாது. சாப்பாட்டோடு வந்தவளைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை என்னைக் காப்பாற்றியது. அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டாள். டோர்செட் பார்க்கில் அப்பார்ட்மெண்டில் இருக்கிறார்கள். கணவர் அமெரிக்காவுக்கு ட்ரக் ஓட்டுகிறவர், கிழமைக்கு ஒருதரம்தான் வீட்டுக்கு வருவார். பிள்ளையை ரிங்க்குக்குக் கொண்டுவருவதெல்லாம் அவள்தான்.

"கிளப்புகளின்ர ஒரு லிஸ்ட்டிலயும் இவன்ர பேர் இல்லையாம் அண்ணை. கோச் சொன்னவர். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டா என்ன? எங்கட பிள்ளைதானே."

"அப்படிச் சொன்னா உங்கட பிள்ளைக்குத்தான் கூடாது தங்கச்சி. தமிழன் தமிழனுக்குச் சொல்றான் எண்டு அந்தச் சொல்லுக்கே மதிப்பில்லாமப் போயிரும்."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினாள். பிறகு, "அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுக் கீழே போய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றாள்.

கவின் டிஃபென்ஸ் விளையாடுகிறவன். உயரம் காணாது, கால் மட்டும் நல்ல வேகம். இரண்டாம் பீரியடில் தன் கோலுக்குப் பின்னாலிருந்து பக்கை எடுத்து, நடுவால் பாஸ் பண்ணினான். எதிராளி இடையில் புகுந்து பறித்துக் கோல் அடித்தான். ஹொக்கியில் சொந்தக் கோலுக்கு முன்னால், நடுவால் கொடுப்பது ஆபத்தான வேலை. பயந்தவர்கள் ஓரக் கண்ணாடியில் ஓங்கி அடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். அவன் அடுத்த முறை ஐஸில் இறங்கியபோதும் நடுவால் கொடுத்தான். அதுவும் பறிபோய்க் கோல். கோச் அவனைப் பெஞ்சின் கடைசியில் இருத்திவிட்டார்.

என்னருகே நின்ற ஸ்கவுட் பேனையை மூடினார். பீரியட் முடிந்தது. மேல்வரிசை வெறுமையானது.

நான் இருந்தேன். மூன்றாம் பீரியட் பாதிவரைக்கும் பிள்ளை பெஞ்சைவிட்டு எழும்பவில்லை. பிறகு இன்னொரு பொடியனுக்குக் காலில் அடிபட, கோச்சுக்கு வேறு வழியில்லை. கவின் இறங்கினான். அதே இடம், கோலுக்குப் பின்னால் பக். எதிராளி பாய்ந்து வருகிறான். "கண்ணாடியில அடி!" என்று கோச் கத்துவது மேலே எனக்குக் கேட்டது. பிள்ளை ஒருதரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தான். வருகிறவனை நன்றாகக் கிட்ட வரவிட்டான். பிறகு நடுவால் கொடுத்தான். பாஸ் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் போய்க் கோல் ஆனது.

ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் தன் பிழையை அதே ஆட்டத்துக்குள்ளே திருத்திய பிள்ளையை நான் அதுவரை ரிங்க்கில் கண்டதில்லை. பயந்து விலகிப் போகவில்லை, கண்மூடித்தனமாகத் திரும்பச் செய்யவுமில்லை. கை என்னையறியாமல் எழும்பியது. தொடைக்குக் கீழ வைத்துக்கொண்டேன்.

4. "உன்ர ஆள் எண்டபடியாலோ?"

கிரெக்குக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கட ஆக்களே ரெண்டு பேர் அந்தப் பிள்ளையைப் பாத்து வேண்டாமெண்டு எழுதியிருக்கினம்," என்றார். பிறகு தன்மையாகவே கேட்டார்: "உன்ர ஆள் எண்டபடியாலோ?"

கோபம் வரவில்லை. அதே கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டுதான் காரோட்டி வந்திருந்தேன். அம்மாவின் யூனிஃபோர்மும் அந்த ரோல்ஸ் பெட்டியும் கண்ணுக்குள் நின்றன. பெட்டியைத் திறக்காவிட்டாலும் மணம் வந்ததுதானே.

"எனக்கே தெரியாது கிரெக். அதாலதான் சொல்றன், என்ர சொல்லை எடுக்காதீங்க. நீங்க வந்து பாருங்க. ஆனா மூண்டு பீரியடும் பாக்கவேணும்."

"ஞாயிற்றுக்கிழமை வாறன்," என்றார்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போனேன். பிள்ளையைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. முருகனுக்கு எந்தக் கிளப் என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்ல ஏலாது. கிரெக் கடைசிவரைக்கும் எழும்பாமல் இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

5. ஞாயிற்றுக்கிழமை

நான் கார் நிறுத்திவிட்டு மேலே ஏற, கிரெக் ஏற்கெனவே இருந்து எதையோ மென்றுகொண்டிருந்தார். மடியில் அதே பெட்டி.

"ஒரு நல்ல மனிசி தந்தவ. உன்னட்டக் குடுக்கச் சொன்னவ, மரக்கறியாம். ரெண்டு சாப்பிட்டிட்டன். ஆர் அவ?"

"இருபத்திநாலாம் நம்பர்ர அம்மா."

கிரெக் மெல்லுவதை நிறுத்தினார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கிவிட்டுச் சொன்னார்: "ரோல்ஸ் ரிப்போர்ட்டில போகாது. சொல்லிப்போட்டன்."

முதல் இரண்டு பீரியடும் கவின் பிழையில்லாமல் விளையாடினான். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் அதன் அர்த்தம். இரண்டாம் பீரியட் முடிய ஸ்கவுட்டுகள் ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்தார்கள். கிரெக்கும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஓஷவாவில இன்னொரு ஆட்டம் இருக்கு."

"எங்கட கோயில்ல பூசை முடிஞ்சாத்தான் திருநீறு குடுப்பாங்க," என்றேன். "நடுவில எழும்பினா வெறும் நெத்தியோடதான் வீட்ட போகவேணும்."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். சிரித்தார். திரும்ப இருந்தார்.

கிரெக் இருந்ததைக் கண்டு, படியிறங்கப் போன மற்றக் கிளப் ஸ்கவுட்டுகள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களும் வந்து இருந்தார்கள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்றாம் பீரியட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கவின் நடுவால் கொடுத்த பாஸ் பறிபோனது. கோல். இரண்டு பக்கமும் சமன். கீழே வசந்தி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குக் கோச் அவனைப் பெஞ்சில் இருத்தவில்லை. திரும்ப இறங்கினான். திரும்பவும் கோலுக்குப் பின்னால் பக். சுற்றிவர இருந்த பெற்றோர் எல்லாம், "கண்ணாடி, கண்ணாடி" என்று கத்தினார்கள். பிள்ளை தோளுக்கு மேலால் பார்த்தான். பொறுத்தான். வந்தவன் முற்றாக வந்தபிறகு, அவனுடைய தடிக்குக் கீழால் நடுவுக்குக் கொடுத்தான். கோல் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கவினின் அணி முழுவதும் தன் பக்கத்திலிருந்து தலைநிமிர்ந்து வெளியே வந்தது.

"திரும்பவும் செய்தான்," என்றார் கிரெக், தனக்குத்தானே சொல்வதுபோல.

ஆட்டம் முடிந்து, உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே கிரெக் அவனை நிறுத்தினார். ஒரே ஒரு கேள்வி. "பிழைச்ச பாஸை ஏன் திரும்பக் குடுத்தாய்?"

கவின் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முகம் முழுக்க வியர்வை. "பாஸ் சரி, சேர். நான் பார்த்ததுதான் லேட்," என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்: "அங்கிள், அம்மா உங்களுக்கு ரோல்ஸ் கொண்டு வந்தவவா? சொறி அங்கிள். ஷி டஸ் திஸ் எவ்ரிவேர்."

"வெள்ளிக்கிழமை தவிர வேற எண்டைக்கும் வரச் சொல்லு மகன்," என்றேன்.

6. டிராஃப்ட்

கிரெக் கவினின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார், ஆறாவது சுற்றில் எங்கள் முறை வரும்போது எடுக்க. எனக்கு அது போதும். டிராஃப்ட் நாள் நான் ரூஜில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் கொம்பியூட்டரில் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது சுற்றின் நடுவில், "மாமா, உங்கட பொடியன் வந்திட்டான். ஆனா இது வேற கிளப்," என்றார்.

அடுத்த நிமிடம் கிரெக்கின் போன். "எடுத்துப்போட்டான் பார். அண்டைக்கு ரெண்டு பேர் படியில நிண்டு திரும்பி வந்து இருந்தாங்களே, அதில ஒருத்தன்ர கிளப்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிரெக் இருந்தபடியால்தான் அவனும் இருந்தான். நான்தான் கிரெக்கை இருத்தினேன். என் வாயாலேயே பிள்ளையை மற்றவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க கிரெக்."

"எதுக்கு? பிள்ளை போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த முறை என்னை ஒரு தூணுக்குப் பின்னால இருத்து," என்றார்.

பின்னேரம் வசந்தி போன் எடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அண்ணை, உங்கட ரீம் இல்லையாமே. உங்களுக்கு மனவருத்தமோ?"

"வேலைக்குக் கொஞ்சம் வருத்தம் தங்கச்சி. எனக்கு ஒண்டுமில்லை."

பொய் சொல்லவில்லை. குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். கேட்டது கிரெக் எழும்பாமல் இருக்கவேண்டும் என்று. கேட்டதைத்தானே முருகன் தந்தார்.

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எந்தத் தொழிலிலும் பாதி மட்டும் பார்த்துவிட்டு ஒரு ஆளைப்பற்றி எழுதவேண்டாம். பிழை விட்ட ஆளை, அந்தப் பிழைக்குப் பிறகும் இருந்து பாருங்கள். உங்கள் ஆள் என்று தூக்கவும் வேண்டாம், உங்கள் ஆள் என்பதற்காக ஒளிக்கவும் வேண்டாம். உங்கள் கண்ணில் சந்தேகம் இருந்தால் இன்னொருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அதனால் உங்களுக்கு வரவேண்டியது வேறெங்காவது போனாலும் போகட்டும்.

போன குளிர்காலத்தில் கவினின் கிளப் எங்கள் கிளப்போடு விளையாட வந்தது. நானும் கிரெக்கும் மேல்வரிசையில் இருந்தோம். மூன்றாம் பீரியடில் அவன் தன் கோலுக்குப் பின்னால் பக்கை எடுத்து, தோளுக்கு மேலால் பார்த்து, எங்கள் பொடியனைக் கிட்ட வரவிட்டு, நடுவால் கொடுத்தான். எங்களுக்கு எதிராகக் கோல். நான் அவசரமாக இரண்டு கையையும் தொடைக்குக் கீழ வைத்தேன். பக்கத்தில் பார்த்தால் கிரெக்கின் கைகளும் அங்கேதான் இருந்தன.

ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.