ஆறாவது குழாயும் ஏழாவது குழாயும்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்து முடிகிற இடத்தில் கையகல மைதானம் ஒன்று உண்டு. நான் நான்காம் வகுப்பு படித்தபோது, அங்கே ஊஞ்சலுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் தட்டி விளையாட இசைக்கருவிகள் வைத்தார்கள். கவிழ்த்துப் பதித்த பிளாஸ்டிக் டிரம்கள் முதலில் வந்தன. அடுத்து எட்டு இரும்புக் குழாய்களைத் தொங்கவிட வேண்டும். அந்த வேலை குர்லாவில் என் வாப்பா இருந்த பட்டறைக்கே வந்துவிட்டது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வாப்பாதான் செய்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

குழாய்கள் தொங்கிய அன்று ரப்பர்க் கட்டையால் வரிசையாகத் தட்டினோம். எட்டும் ஒரே சத்தம். "சப் ஏக் ஜைசா!" என்று என் தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாம் ஒரே மாதிரியாம். எனக்கு அழுகை முட்டியது.

பட்டறைக்கு வந்த படத்தில் குழாய்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று குட்டையாக இருந்திருக்கின்றன. தாளில் இடம் பத்தாமல் வரைந்தவர் குறுக்கிவிட்டார் என்று வாப்பா நினைத்துக்கொண்டார். முதல் குழாயின் அளவிலேயே எட்டையும் மயிரிழை பிசகாமல் அறுத்துவிட்டார். ஒரே அளவாக அறுப்பதில் குர்லாவிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. படமோ அதற்குள் எண்ணெய்க் கை துடைக்கப் போயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரும்பறுக்கும் ரம்பத்தோடு என்னையும் மைதானத்துக்கு அழைத்துப் போனார்.

"நீ பாட்டுக்காரிலா. தட்டிக் கேட்டுச் சொல்லுட்டி. ஒண்ணவிட ஒண்ணு சத்தம் ஏறணும். நீ சரின்னா நிறுத்திருதேன்."

முதல் குழாயை அப்படியே விட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்தார். நான் தட்டுகிற நேரம் பார்த்துக் குழாயின் மேல் விரல்களை வைப்பார். சத்தம் செத்துவிடும்.

"பிடிச்சா எப்படி கேக்கும் வாப்பா?" என்று கத்துவேன். சிரிப்பார். மறுபடியும் விரலை வைப்பார். வீட்டிலும் அவர் அப்படித்தான், மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். டிவியை அலறவிடுவார். வீம்பு பிடித்த மனிதர் என்பது என் முடிவு.

ஆறாவது குழாய்வரை ஒழுங்காகத்தான் கேட்டுச் சொன்னேன். அப்போது தோழிகள் வந்துவிட்டார்கள். வாப்பா கைலியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருப்பதையும் குழாயைத் தடவுவதையும் ஒருத்தி அப்படியே நடித்துக் காட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவர் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டால் போதும் என்றிருந்தது.

ஏழாவதை ஆறாவதைவிடக் கொஞ்சம்போல் குறைத்து அறுத்துவிட்டு, "சரியாட்டி?" என்று கேட்டார்.

நான் தட்டக்கூட இல்லை. "சரி, எல்லாம் சரி. போலாம் வாப்பா."

"நீ சொன்னா சரிதான்," என்று அவர் எட்டாவதையும் தன் மனக்கணக்கில் அறுத்து மாட்டினார்.

ஆறாவதும் ஏழாவதும் கடைசிவரை ஒரே சத்தம்தான். ஏறிக்கொண்டே போகிற இசை அங்கே வந்து தடுக்கும். பிள்ளைகள் அதைப் பழகிக்கொண்டார்கள். வேலை முடிந்து வருகிற வாப்பா தினமும் வேலியோரம் நின்று, பிள்ளைகள் கையில் கட்டைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வருவார். அந்த முகத்தில் அத்தனை நிறைவு.

பல வருடம் கழித்து, காது மெஷின் வாங்கப் போனபோது டாக்டர் சொல்லித்தான் தெரியும். பட்டறை இரைச்சல் வாப்பாவின் காதை முப்பது வயதிலேயே தின்னத் தொடங்கியிருக்கிறது. குழாய் அதிர்வதை அவர் விரலால் பார்த்திருக்கிறார். மீதிக்கு என்னை நம்பியிருக்கிறார்.

இப்போது வாப்பாவும் இல்லை, குழாய்களும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நிமிடம் திரும்பக் கிடைத்தால் போதும். இன்னும் சரியாகவில்லை வாப்பா, இன்னும் கொஞ்சம் அறுங்க என்று அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வேன்.