எவ்லின் டீச்சரின் ஒரே மாணவி

மலேசியாவில் கோத்தா திங்கியைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் எங்கள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுக்கு ஒரே மாணவி. பெயர் ஷாமளா. அவளுக்கு ஆசிரியை எவ்லின். பக்கத்து வகுப்பு என்னுடையது. நடுவே பலகைத் தடுப்புதான்; அங்கே தும்மினால் இங்கே கேட்கும். ஷாமளாவின் குரல் மட்டும் கேட்டதே இல்லை. எழுதுவாள், தலையாட்டுவாள், வாய் திறக்க மாட்டாள்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போனால், ஜோடியாக வாசிக்க விடுங்கள், குழுவாகப் பேச விடுங்கள் என்று வாய் வலிக்கச் சொல்லித் தருவார்கள். யாரோடு ஜோடி சேர்ப்பது, நாற்காலியோடா? எனக்கு எரிச்சல் வரும். எவ்லின் டீச்சருக்கு வராது. சின்ன நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து, ஒரு வரி வாசித்துவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருப்பார். வராது. அதையும் அவரே வாசிப்பார்.

டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்தபின் வீட்டில் பேச ஆளில்லை. ஞாயிறு பூசை முடிந்தால் திங்கள் காலைவரை வாய்க்கு வேலையில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

ஷாமளாவின் அப்பா செல்லப்பன் லாரி ஓட்டுகிறார். இங்கே வாயே திறக்காத மகளை டவுன் பள்ளிக்கு மாற்றப்போவதாக ஒருநாள் வந்து நின்றார். அவளும் போனால் அந்த வகுப்பறையைப் பூட்ட வேண்டியதுதான்.

"இந்த வருஷம் முடியட்டும். அவ வாயத் திறந்து பேசிட்டா இங்கயே விடுங்க," என்று டீச்சர் கெஞ்சினார்.

"சரி டீச்சர், பேசட்டும், பாப்போம் லா."

அந்த வாரம் செம்பனைக்குள் யானைக்குட்டி ஒன்று தனியாகத் திரிவதாகப் பேச்சு. டீச்சர் அதையே கதையாக எழுதி வாசித்தார். பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"அது கூட்டத்தத் தேடிப் போவும் டீச்சர்."

ஷாமளாவின் குரல்! நான் பாடத்தை நிறுத்திவிட்டேன்.

"இங்கயே இருக்கலாமே? சாப்பாடு இருக்கு, யாரும் வெரட்ட மாட்டாங்க," என்றார் டீச்சர்.

"சாப்பிட்டுட்டு? யாரு கூட வெளயாடும்?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் டீச்சர் கதைத்தாளை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது.

பள்ளி முடிந்ததும் ஆசிரியர் அறையில் டீச்சர் செல்லப்பனுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பேசினாள் என்ற ஒரு வார்த்தை போதும், பிள்ளை தங்கிவிடும். எனக்கே மனசு குதித்தது.

"பேசிட்டா செல்லப்பன். நல்லாவே பேசுறா."

"அப்ப இங்கயே விட்டுடவா டீச்சர்?"

"வேணாம். டவுன் ஸ்கூல்லயே சேத்துடுங்க. அவளுக்குக் கூட்டாளிங்க வேணும்."

போனை வைத்ததும் டீச்சர் மேசையில் தலை கவிழ்த்து அழுதார்.