அடுத்த மாதக் கையெழுத்து

மாமனாருக்கு மறதிநோய் என்று உறுதியானதும், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்க அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தார்கள். அது ஒழுங்காக நடக்கிறதா என்று விசாரிக்க ஜவ்வாது மலையேறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார் ஒரு மேலதிகாரி. நரைத்த மீசை, சேறு தெறித்த பேண்ட். கேள்வி கேட்கும் முன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிடுவார்.

"நர்ஸம்மா வர்றாங்களாம்மா?"

"மாசாமாசம் வர்றாங்க சார். ஒரு கொறையும் இல்ல."

வருகை அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த மாசங்கூட வந்துட்டுப் போய்ட்டாங்களே!"

அடிவாரத்திலிருந்து அடிக்கடி வர முடியாது என்று, நர்ஸ் ஆறு மாதத்துக்கும் ஒரே நாளில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்.

"எழுதிடாதீங்க சார். பாவம், புள்ளகுட்டிக்காரங்க."

"பெரியவரு வூட்ட வுட்டு எங்கியாவது போய்ட்டாரா?"

"ரெண்டு தபா. காட்டுல தேடிப் புடிச்சோம்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

சொல்லவில்லை. சொன்னால் நர்ஸ் மாட்டிக்கொள்வாரே என்று இருந்துவிட்டேன்.

அவர் எழுந்துபோய், கட்டிலில் இருந்த மாமனாரைக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க ஐயா."

இடுப்பில் குழந்தையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். கையெழுத்துப் போட்டவள் நான். மன்னிப்பை ஏன் அவர் கேட்டார்?