நான்கு சக்கரத்துக்கும் முப்பத்துமூன்று

என் நாத்தனாருக்குக் கோபம் வராத நாள் உண்டா என்று கேட்டால், அவள் பேசக் கற்றுக்கொள்வதற்கு முந்திய நாட்களைத்தான் சொல்ல வேண்டும். வாடகைக் கார் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் ஹாரன். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அவளும் திரும்பிப் பார்ப்பாள். கதவை ஓங்கிச் சாத்தும் பயணியிடம், "உங்க வீட்டுக் கதவா இருந்தா இப்படிச் சாத்துவீங்களா?" என்று கேட்பாள். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு ஒருவன் பைக்கில் வீடு தேடி வந்தான். "தெரு முனையில இண்டிகேட்டர் போடாம திரும்பினீங்களே, பின்னால வர்றவன் என்ன ஜோசியனா?" என்றுதான் அவனிடம் முதலில் பேசினாள். அதற்கப்புறம் பேச அவன் வரவில்லை.

எனக்கும் அவளுக்கும் ஆகாது. ஒரே சமையலறை, ஒரே பாத்ரூம் போதாதென்று வேலையும் ஒரே இடத்தில். அவள் டிரைவர். நான் ஆபீஸில் போன் எடுத்து, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொல்கிறவள். என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், பின்கட்டு ஷெட்டில் மெக்கானிக். காலையில் மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பி, யார் முதலில் குளித்தது என்று சண்டை போட்டுக்கொண்டே போவோம். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். வண்டி ஓட்டுவதில் அவளைக் குறை சொல்ல எனக்கே மனசு வராது.

வண்டியில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். குதிரை லாடத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி போட்டது மாதிரி இருக்குமே, அந்த விளக்கு. அது என்ன என்று ஒருநாள் நான் கேட்டுத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்து சேரும்வரை பாடம் நடத்தினாள்.

"ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும் வால்வோட ஒட்டி ஒரு குட்டி சென்சார் இருக்கு அண்ணி. அதுக்குத் தனி பேட்டரி. உள்ள காத்து எவ்வளவு இருக்குன்னு அதுதான் வண்டிக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். குறைஞ்சா விளக்கு எரியும். இந்தக் காலத்து டயரைப் பார்த்தா எதுவும் தெரியாது. கால்வாசிக் காத்து போனாலும் கல்லு மாதிரி நிக்கும். காத்து இல்லாம வேகமா ஓடினா பக்கவாட்டுல மடங்கி மடங்கிச் சூடாகி, அப்புறம் ஒரே கிழி."

எங்கள் முதலாளிக்கு அந்த விளக்கு ஆகாது. வண்டி எல்லாம் பழசு. டயர் எல்லாம் வழவழத்துப்போய், ஓரத்தில் காற்றுக் கசிந்துகொண்டே இருக்கும். இரண்டு நாளைக்கு ஒரு வண்டியில் விளக்கு எரியும். பயணிகள் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். புது டயர் போடச் சொன்னால் முதலாளிக்குக் காது கேட்காது. "விளக்கு எரியக் கூடாது" என்று மட்டும் ஷெட்டில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு விளக்கு எரியவே இல்லை. எந்த வண்டியிலும் இல்லை. போனில் புகாரும் நின்றுபோனது. நான் நிம்மதியாக இருந்தேன். ஹாரன்தான் இருப்புக்கொள்ளாமல் திரிந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு.

"அண்ணா, காலையில டேஷ்போர்டுல டயர் காத்து முப்பத்திமூணுன்னு காட்டுது. சரி. மத்தியானம் வெயில்ல பைபாஸ்ல ஓடினா சூட்டுல நாலஞ்சு ஏறணுமா இல்லையா? ஏறவே மாட்டேங்குது. நாலு சக்கரமும் முப்பத்திமூணு, முப்பத்திமூணு. என்னைக்காவது நாலும் ஒண்ணா இருந்து பார்த்திருக்கியா?"

"புது செட்டிங் போட்டிருக்கேன். வண்டி நல்லா இருக்கு. பேசாம சாப்பிடு" என்பார் இவர், தட்டைவிட்டு நிமிராமல்.

நானும் கூடச் சேர்ந்துகொண்டு, "எரிஞ்சாலும் திட்டறே, எரியலைன்னாலும் திட்டறே" என்று அவளைக் கிண்டல் செய்தேன். அவள் என்னை முறைத்துவிட்டு எழுந்து போனாள்.

எனக்குப் பல் பிடுங்கிய அன்று இவர் லீவு போட்டுவிட்டு என்னோடு டாக்டரிடம் வந்திருந்தார். வாயில் பஞ்சோடு நான் உட்கார்ந்திருக்கும்போதுதான் போன் வந்தது. பைபாஸ் ரோட்டில் ஹாரனுடைய வண்டியின் பின் டயர் கிழிந்து, வண்டி தடுப்புச் சுவரில் உரசி நின்றிருந்தது. ஒரு அம்மாவும் கைக்குழந்தையும் பின்னால் இருந்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. குழந்தையை அணைத்துப் பிடித்ததில் அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. வேறு யாராவது பதறிப்போய் பிரேக் அடித்திருந்தால் வண்டி குட்டிக்கரணம் போட்டிருக்கும் என்று போலீஸ்காரரே சொன்னாராம்.

முதலாளி என்ன செய்தார் தெரியுமா? ஸ்பாட்டுக்குப் போனார். அந்த அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நேரே டேஷ்போர்டைப் போட்டோ எடுத்தார். டயர் நார் நாராகத் தொங்குகிறது; டேஷ்போர்டில் நான்கு சக்கரத்துக்கும் முப்பத்துமூன்று. "காத்து எல்லாம் கரெக்டா இருக்கு. கண்ணுமண்ணு தெரியாம ஓட்டியிருக்கே. நாளையிலிருந்து வராதே" என்று நடுரோட்டில் வைத்தே சொன்னார். லைசென்ஸைப் பறிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போவதாகவும் மிரட்டினார். இதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது, பல் பிடுங்கிய வலியை மறந்து நானே அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பஞ்சு வெளியே வந்து விழுந்தது.

ஆனால் ஹாரன் கத்தவில்லை. பையிலிருந்து ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பைப், வீட்டுக்குத் தண்ணீர் வருமே அந்த மாதிரி, கொஞ்சம் பருமன். இரண்டு பக்கமும் மூடி. ஒரு மூடியில் டயருக்குக் காற்று அடிக்கிற வால்வு. ஆட்டினால் உள்ளே என்னவோ உருண்டது.

"ஸ்டெப்னி எடுக்க டிக்கியைத் திறந்தேன். அதுக்கு அடியில துணியைச் சுத்தி ஒளிச்சு வச்சிருந்தது. சக்கரத்துக்குள்ள இருக்க வேண்டிய நாலு சென்சாரும் இதுக்குள்ள இருக்கு. உள்ள முப்பத்திமூணு காத்து அடிச்சு மூடிட்டாங்க. வண்டி இதைத்தான் டயர்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றாள்.

மூடியைச் சுற்றியிருந்த வெள்ளை டேப்பை அவள் விரலால் தடவினாள். டேப்பின் நுனி கொஞ்சம் மடித்து விடப்பட்டிருந்தது, அடுத்த முறை பிரிக்க வாகாக. எங்கள் வீட்டுக் குழாய், ஷவர் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும். நுனியை மடித்து விடாமல் இவருக்கு டேப் சுற்றத் தெரியாது. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுண்ணா."

"முதலாளி சொன்னாரு. செஞ்சேன்." இவர் டேப் நுனியை நகத்தால் பிரித்து மறுபடி ஒட்டினார். "உன் வண்டியை விட்டுட்டேன்னு நினைக்காதே. தினமும் நீ வர்றதுக்கு முன்னாடி கையால அளந்து காத்து அடிச்சு வச்சேன். ஒருநாள் விட்டதில்ல. இன்னிக்கு ஒருநாள்தான்…"

"என் வண்டிக்கு அடிச்சே. மத்த வண்டிக்கு?"

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்! தங்கை வண்டிக்கு மட்டும் காற்று. மற்றவன் வண்டியில் ஏறுகிறவனுக்கெல்லாம் அண்ணன் இல்லையா, தங்கை இல்லையா? தினமும் அந்த வண்டிகளை மைக்கில் கூப்பிட்டு, போ போ என்று அனுப்பியவள் நான். என் வாயால் அனுப்பினேன். கட்டிய புருஷன் என்னிடம்கூட மூச்சு விடவில்லை. கையில் இருந்த டம்ளரை நான் தூக்கி எறிந்தது உண்மை. அவர்மேல் படவில்லை, அதுவும் உண்மை.

காலையில் வண்டிகள் கிளம்புவதற்குள் போய் எல்லாப் பைப்பையும் எடுத்துவிடுவதாக இவர் கெஞ்சினார். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று சொன்னார். ஆனால் விடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஷெட் காலியாக இருந்தது. விமான நிலையத்தில் ஒரு கூட்டத்தை ஏற்ற எல்லா வண்டிகளையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார் முதலாளி. இவர் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார். ஹாரன் பைப்பை எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குள் போனாள். சுவர் மெல்லியது. எல்லாம் எனக்குக் கேட்டது.

"எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்லுங்க."

"ஏம்மா, இதை நானா செஞ்சேன்? எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது. செஞ்சது யாருன்னு உனக்கே தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா உள்ள போறது உங்க அண்ணன்தான். போய் வேற வேலை பாரு, நான் லைசென்ஸ் விஷயத்தை விட்டுடறேன்."

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். பின்னாலேயே முதலாளி. "மைக்கைத் தொடாதே. உன் புருஷனை நினைச்சுப் பாரு" என்றார் என்னிடம். அவரைத்தான் நினைத்தேன். ராத்திரி முழுக்க அவரைத்தான் நினைத்தேன். எங்கள் மைக் மேஜையில் நிற்கிற வகை. அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால்தான் பேச்சு போகும். நான் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மைக்கை அவள் பக்கம் திருப்பினேன்.

"எல்லாரும் கேளுங்க. ஹாரன் பேசறேன். வண்டியை ஓரமா நிறுத்துங்க. டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில பாருங்க, ஒரு பைப் இருக்கும். உங்களுக்கு டேஷ்போர்டு காட்டறது டயர் காத்து இல்ல. அந்தப் பைப்புக்குள்ள இருக்கிற காத்து."

பொத்தானை விட்டதும் சிரிப்புதான் வந்தது. ஒருவன், "நேத்து உன் வேலை போச்சு, இன்னிக்கு எங்க வேலைக்கு வேட்டா?" என்றான். அப்புறம் வயர்லெஸ்ஸில் பெரியவர் குரல் வந்தது. டிரைவர்களில் வயதில் மூத்தவர். அவர் நின்றால் எல்லாரும் நிற்பார்கள்.

"தங்கச்சி, நான் பைபாஸ்ல வேகமா போயிட்டிருக்கேன். ஆள் ஏத்தியாச்சு. முப்பத்திமூணு காட்டுது, கண்ணால பார்க்கிறேன். நடுவுல நிறுத்தினா முதலாளி சும்மா விடுவாரா? பைப்பை எவன் வச்சான்? அதைச் சொல்லு, நிறுத்தறேன்."

நான் மறுபடி பொத்தானை அழுத்தினேன். அவள் வாயைத் திறந்தாள். வாழ்நாள் முழுக்க யாருக்கும் பதில் பாக்கி வைக்காதவள், உதட்டைக் கடித்துக்கொண்டு மைக்கையே பார்த்தாள். முதலாளி கதவில் சாய்ந்துகொண்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

ஷெட்டிலும் ஒரு ஸ்பீக்கர் உண்டு. பெரியவர் கேட்டது காதில் விழுந்து இவர் ஓடி வந்தார். முதலாளியை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, மைக்குக்குக் குனிந்தார். நான் இன்னும் பொத்தானை விடவில்லை.

"பெரியவரே, மெக்கானிக் பேசறேன். பிரேக் அடிக்காதீங்க. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுங்க, ஸ்டியரிங்கைக் கெட்டியாப் பிடிச்சு மெதுவா ஓரம் கட்டுங்க. அந்த நம்பர் பொய். நான்தான் வச்சேன். எல்லா வண்டியிலயும் நான்தான் வச்சேன்."

பொத்தானை விட்டேன். சிரிப்பு இல்லை. இவர் நகரப் பார்த்தார். அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன், பதிலைக் கேட்கட்டும் என்று. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவரின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"பைப் இருக்கு. பின் டயரைக் கையால அமுக்கினேன், உள்ள போகுது. அடப்பாவி, வண்டிக்குள்ள நாலு பேர் உக்காந்திருக்காங்கடா."